பெயர்ப் பலகை மட்டும் போதாது

சர்க்கார் நடத்தினால் சோஷலிசம். தனியார் நடத்தினால் முதலாளித்துவம். நமது நாட்டின் கலப்புப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறார்கள். சரித்திரம் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

பம்பாயிலிருந்து ஓடிய ஜி.ஐ.பி. ரயில்வேயின் நிர்வாகத்தை 1925-ம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய சர்க்காரே எடுத்துக்கொண்டது. அதைச் சோஷலிசம் என்று யாரும் சொல்லவில்லை. 1944-ல் டாடா, பிர்லா முதலிய தொழிலதிபர்கள் வெளியிட்ட 'பம்பாய்த் திட்டம்', பெருந்தொழில்களில் சர்க்கார் முதலீடு செய்ய வேண்டும் என்று கேட்டது. இரும்புக்கும் மின்சாரத்துக்கும் ஏராளமான பணம் வேண்டும். லாபம் வரப் பல வருஷங்களாகும். அந்தச் சுமையைச் சர்க்கார் தாங்கினால் தனியார் தொழிலும் வளரும். முதலாளிகளே பொதுத்துறையை வரவேற்றதன் காரணம் இதுதான்.

ஆகவே, உடைமை யாருடையது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. லாபம் யாரிடம் சேருகிறது? நஷ்டம் யார் தலையில் விழுகிறது? உழைப்பவருக்கு என்ன பாதுகாப்பு? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலே இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்டும்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அப்போது நாடு முழுவதும் கிராமங்களில் இருந்த வங்கிக் கிளைகள் 2,000 கூட இல்லை. 1990-ல் அவை 30,000-ஐத் தாண்டிவிட்டன. வட்டிக்கடையைத் தவிர வேறு வாசல் அறியாத விவசாயிக்கு வங்கியின் கதவு திறந்தது. இது சோஷலிசத்தின் பலன். பிற்காலத்தில் பெரிய கம்பெனிகள் பல, வாங்கிய கடனைத் திருப்பவில்லை. பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த, 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய சர்க்கார் அறிவித்தது. அதே வங்கிகள், அதே பெயர்ப் பலகை. ஆனால் பலன் ஒருவருக்கு, பாரம் ஊருக்கு.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் கதையும் வேறல்ல. 1982-ம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1983-ல் நலிந்துபோன 13 ஆலைகளின் நிர்வாகத்தைச் சர்க்கார் ஏற்றது. அவற்றைச் சேர்ந்த தாதர் கோஹினூர் 3-ம் எண் ஆலையின் நிலம் 2005-ல் 421 கோடி ரூபாய்க்குத் தனியாருக்கு விற்கப்பட்டது. ஆலை நஷ்டப்பட்டபோது சர்க்கார் தேவைப்பட்டது. நிலத்தின் விலை ஏறியபோது தனியார் வந்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது விருப்ப ஓய்வுத் தொகை.

அரசியல் சட்டத்தின் முகவுரையில் 'சோஷலிஸ்ட்' என்ற சொல் 1976-ம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. அது எந்த ஒரு பொருளாதாரக் கொள்கையையும் கட்டாயமாக்கவில்லை, மக்கள் நல அரசையும் சம வாய்ப்பையுமே குறிக்கிறது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியானால் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது அன்றாட நடைமுறைதான். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. வைத்தியமும் ஒழுங்காகக் கிடைக்கும் தனியார் தொழிற்சாலையில் சோஷலிசத்தின் ஒரு பங்கு இருக்கிறது. இவை இல்லாமல் காண்டிராக்ட் தொழிலாளியைக் கூட்டவும் கழுவவும் வைக்கும் சர்க்கார் கட்டிடத்தில் அது இல்லை.

பொதுத்துறையை விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் தொடரும். எந்தப் பக்கம் பேசுகிறவரிடமும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த தொழிலாளியும் குமாஸ்தாவும் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?