பட்டமும் பரந்த அறிவும்

மே திங்கள் பிறந்துவிட்டால் மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய பேச்சே பேச்சாக இருக்கும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பெற்றோர் தம் மக்களோடு பேருந்து ஏறி வருகின்றனர். அவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும்? இவ்வினாவை நாம் குறை கூறோம். நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் தகப்பன் வேறெதைக் கேட்பான்? ஆயினும் ஒருவரும் கேட்காத இன்னொரு வினா உண்டு. முதன்மைப் பாடம் நீங்கலாக, அந்தக் கல்லூரி நம் பிள்ளைக்கு வேறு என்ன கற்பிக்கும்? அதை எவ்வளவு கருத்தோடு கற்பிக்கும்? இத்திங்கள் இதனையே சிந்திக்க விழைகிறோம்.

நம் மாநிலத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்பு ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் அதன் சார்புப் பாடங்களும். நெடுங்காலம் இருந்தவை இம்மூன்றே. 2008-ஆம் ஆண்டையொட்டி வந்த பாடத்திட்ட மாற்றத்தால் மேலும் இரண்டு சேர்ந்தன. நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன்சார் பாடங்கள், தம் துறைக்குப் புறம்பான ஒரு விருப்பப் பாடம் ஆகியவை அடங்கும். பள்ளியில் தமிழ் பயிலாதவர்க்கு அவ்விருப்பப் பாடத்துக்கு மாற்றாக அடிப்படைத் தமிழ் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலியன ஐந்தாம் பகுதியைச் சாரும்.

இவ்வேற்பாட்டின் பின்னணியில் உள்ள எண்ணம் புதியதன்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, எத்துறை மாணவர்க்கும் பொதுக் கல்வி இன்றியமையாதது என 1949-இல் பரிந்துரைத்தது. 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. சுற்றுச்சூழல் பற்றிய அறிவு கல்வியின் கட்டாயக் கூறாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1991-இல் பணித்தது; அதன் விளைவாகவே பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் உரிய பொதுப் பாடம் ஒன்றை வகுத்தது. 2022-இல் பொறியியல் முதலாண்டு மாணவர்க்கும் தமிழர் மரபு பற்றிய பாடம் வந்து சேர்ந்தது. ஆக, மாணவன் ஒரு துறைக்குள் முடங்கிவிடலாகாது என்பதில் அறிஞர் குழுவும் நீதிமன்றமும் அரசும் ஒத்த கருத்தினவாகவே இருந்து வந்துள்ளன.

நிற்க. ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடைமுறையில் என்ன காண்கிறோம்? பட்டத்துக்குரிய 140 மதிப்புப் புள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்விக்குப் பொதுவாக 2 புள்ளிகளே. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஊரார் பேசுவதெல்லாம் மூன்றாம் பகுதியின் மதிப்பெண்களை வைத்தே. ஆகவே நான்காம் பகுதித் தாளைத் தேர்வுக்கு முந்தின இரவு புரட்டினால் போதும் என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. முதன்மைப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் கடன் கேட்கப்படுவது இந்தப் பாடவேளைதான். வாங்கிய கடன் திரும்புவதும் அரிது. விருப்பப் பாடம் என்று பெயர்; விருப்பத்தைக் கேட்பார் இல்லை. எந்தத் துறையில் இடம் இருக்கிறதோ, எது எளிதில் மதிப்பெண் தருமோ, அதுவே விருப்பம் ஆகிவிடுகிறது.

இதனால் இழப்பு என்ன என்று கேட்போருக்கு, நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியைக் காட்டுவோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்னும் இரண்டு ஊர்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. சமணப் படுக்கைகள் உண்டு. பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் உண்டு. சுனைகளும் கண்மாய்களும் அரிய வேட்டைப் பறவைகளும் உண்டு. இத்தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை 2024 நவம்பரில் ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குச் சென்றது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் உழவர் பெருமக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அதே மாதம் 23-ஆம் நாள் நடுவண் அரசு அந்த ஏலத்தை நீக்கியது.

இத்தகைய கிராம சபையில் வணிகவியல் பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவன் அங்கே எதைப் பேசுவான்? சுரங்கம் நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பது அறிவியல். பாறையில் உள்ள எழுத்து எத்துணைப் பழைமையானது என்பது வரலாறு. கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பது அரசியல் சட்டம். சுரங்கம் தரும் வருவாய் எவ்வளவு, அது யாரைச் சேரும் என்பது பொருளியல். ஊரின் நன்மை, நாட்டின் தேவை, இரண்டும் மோதும்போது எதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பது அறவியல். இவற்றுள் ஒன்றை மட்டும் கற்றவன் கேள்வியின் ஐந்தில் ஒரு பங்கையே காண்பான். வாழ்க்கை நம்மிடம் கேள்வி கேட்கும்போது அதனைத் துறை துறையாகப் பிரித்துக் கேட்பதில்லை அன்றோ!

2025 நவம்பர் முதல் நாள் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பெற்ற கர்தினால் நியூமன், 1852-இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வி பற்றி ஆற்றிய உரைகளில் இவ்வுண்மையைத் தெளிவாக்கினார். ஒரு துறையை அறிவின் வட்டத்திலிருந்து நீக்கிவிட்டால் அதன் இடம் வெறுமையாக இராது; பக்கத்திலுள்ள துறை தன் எல்லையைத் தாண்டி அங்கே குடியேறிவிடும் என்பது அவர்தம் கருத்து. மலையைக் கனிமமாக மட்டும் காணும் கண் இவ்வாறே உருவாகிறது. குருமடங்களில் இறையியலுக்கு முன் மெய்யியல் பயில வேண்டும் என்று திருச்சபை விதித்திருப்பதும் இதனைக் கருதியே.

"இவையெல்லாம் வசதி படைத்தோர்க்கு, எங்களுக்கு வேலை முக்கியம்" என்பார் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது என்பதே நம் துணிபு. படித்த பெற்றோரின் இல்லத்தில் நாளிதழ் உண்டு, நூல்கள் உண்டு, உணவு வேளையில் உலகச் செய்தி பேசப்படும். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரி கற்பிக்காவிடினும் ஓரளவு பரந்த அறிவைப் பெற்றுவிடும். களத்து வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்வரும் பெற்றோரின் பிள்ளை, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவன், அதை எங்கே பெறுவான்? அவனுக்கு உள்ளவை அந்தச் சில பாடவேளைகளே. அவற்றைப் பறிப்பது பணக்காரனை ஒன்றும் செய்யாது; ஏழையின் பங்கைத்தான் பறிக்கும். எனவே இது கல்வி முறை பற்றிய வினா மட்டுமன்று, நீதி பற்றிய வினாவும் ஆகும்.

வேலை என்ற கணக்கிலே பார்த்தாலும் இதே முடிவுதான். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 100 தமிழ். 75 வரலாறு, புவியியல், ஆட்சியியல், அறிவியல் உள்ளிட்ட பொது அறிவு. 25 மனக்கணக்கும் சிந்தனைத் திறனும். பட்ட வகுப்பின் முதன்மைப் பாடம் என்று தனியே ஒரு வினாவும் இல்லை. கல்லூரியில் தேவையில்லை என்று தள்ளியவற்றையே, பட்டம் பெற்ற பின் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி நம் பிள்ளைகள் மீண்டும் கற்கின்றனர். என்னே முரண்!

ஆதலின் மூவரிடம் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரிகளை நடத்துவோரே, நான்காம் பகுதிக்குரிய பாடவேளையைக் கடன் கொடாதீர். துறையில் இளையவர் எவரோ அவர் தலையில் அதனைச் சுமத்தாது, நன்கு கற்பிப்பவரிடம் ஒப்படைப்பீர். 1978-இல் தன்னாட்சி பெற்ற அமெரிக்கன் கல்லூரியும், லேடி டோக், பாத்திமா, தியாகராசர், கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரிகளும் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை உடையவை. இத்தனை தன்னாட்சிக் கல்லூரிகள் உள்ள வட்டாரத்தில் நல்ல மாற்றத்துக்கு வழி இல்லை என்று சொல்ல இயலாது.

மாணவச் செல்வங்களே, விருப்பப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக அன்றி, உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகத் தேர்ந்தெடுங்கள். மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023 சூலையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லார்க்கும் உரியது. திங்களுக்கு ஒரு முறையேனும் அங்கே சென்று உங்கள் துறைக்குப் புறம்பான ஒரு நூலை எடுத்துப் படியுங்கள்.

பெற்றோர்களே, நீங்கள் கல்லூரி வாசலை மிதிக்காதவராய் இருக்கலாம். அதனால் நாணம் வேண்டா. விடுதியிலிருந்து பிள்ளை வீடு வரும்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறீர்கள். அதனோடு, புதிதாக என்ன தெரிந்துகொண்டாய், எங்களுக்கும் சொல் என்று கேளுங்கள். நம் ஊர்க் கண்மாயைப் பற்றியும் வாக்குச் சீட்டைப் பற்றியும் அவன் கற்றதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் அவன் கற்றிருக்கிறான். அந்த ஒரு வினாவுக்கு விடை சொல்ல வேண்டுமே என்பதற்காகவேனும், அடுத்த முறை அந்த வகுப்பில் அவன் கவனித்து அமர்வான்.