கைதட்டவும் நேரம் உண்டு

தோட்டத்துத் திடலில் காற்பந்து நடந்தால் கூச்சல் போடுவதும் ஆட்டத்தில் ஒரு பாதிதான். விசில் என்ன, தகரம் தட்டுவது என்ன! அதே பழக்கத்தோடு டென்னிஸ் பார்க்கப் போனால், நடுவர் முதலில் நம்மைத்தான் அடக்குவார்.

அது பணக்காரர் பகட்டு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அப்படியில்லை. ஆட்டக்காரர் பந்தைக் கண்ணால் மட்டும் கவனிப்பதில்லை. எதிராளியின் மட்டையில் பட்ட ஓசையைக் கேட்டும் வேகத்தைக் கணிக்கிறார். ஆகவே பந்து போடத் தயாரானதும் பேச்சை நிறுத்தவேண்டும். புள்ளி முடிந்ததும் ஆசை தீரத் தட்டலாம். எழுந்து நடப்பது, ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் வேளையில்.

இரைச்சல் எல்லை மீறினால் ஆட்டமே நின்றுபோகும். 1967-இல் ஜகார்த்தாவில் தாமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதிப் போட்டி. மலேசியா 4-3 என்று முன்னணியில் இருந்தபோது, ரசிகர்களின் கூச்சல் அடங்காததால் போட்டி நிறுத்தப்பட்டது. வேறு நாட்டில் தொடர இந்தோனேசியா இணங்கவில்லை. கிண்ணம் நமக்கு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் ஆடி முடித்து வாங்கியிருந்தால் இன்னும் இனித்திருக்கும்.

சொந்த ஊர்க் கூட்டத்துக்குத்தான் சோதனை அதிகம். பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச்சில் மகளிர் உலக ஸ்குவாஷ் போட்டி இங்கே நடந்தது. இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் இவ்வூரில் பிறந்த நிக்கோல் டேவிட் அப்போது ஏழு முறை உலக வெற்றியாளர். அரையிறுதியில் எகிப்தின் பதினெட்டு வயதுப் பெண் நூர் எல் ஷெர்பினி அவரைத் தோற்கடித்தார். நம் வீட்டுப் பிள்ளை தோற்ற வேதனையிலும் அந்தச் சிறு பெண்ணுக்குக் கைதட்ட மனம் வருமா? வரவேண்டும்.

ஏனென்று கேட்டால், அதே டிசம்பரில் கெய்ரோவில் கதை தலைகீழானது. இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டத்தில் 6-10 என்று பின்தங்கிய நிக்கோல், அதை 14-12 என்று கைப்பற்றி, எகிப்தின் ரனீம் எல் வெலிலியை வென்று எட்டாவது பட்டம் பெற்றார். அன்று நெஞ்சு துடித்தது அந்த ஊர்க்காரர்களுக்கு.

இன்னொன்று: எதிராளி தவறு செய்யும்போது கைதட்டாதீர்கள். நல்ல அடிக்குத் தட்டுங்கள், யார் அடித்தாலும் சரி.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் நடைபாதை ஓரத்து நாற்காலியாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை அழுதால் சட்டென்று வெளியே போகலாம். கைபேசியை வாசலிலேயே அடக்கிவிடுங்கள். படம் எடுத்தால் பளிச்சென்று விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.