திமிங்கலம் எச்சில் துப்புமா?
கோடி ரூபாய்ச் செய்தியும் குழந்தைகளின் கேள்வியும்

முகப்பேரில் கடல் இல்லை. ஒரு காலத்தில் ஏரி இருந்தது. இன்று "ஏரித் திட்டம்" என்ற பெயர்தான் மிச்சம். ஆனாலும் காலையில் பத்திரிகையைப் பிரித்தால், திமிங்கலம் வந்துவிடுகிறது!

"திமிங்கல உமிழ்நீர் கடத்தல்: கும்பல் கைது!"

இப்படி ஒரு செய்தி வந்தால், வீட்டில் சின்னப் பையன் சும்மா இருப்பானா? "அப்பா! திமிங்கலம் எச்சில் துப்புமா? அதற்கு ஏன் கோடி ரூபாய்?" என்று கேட்பான். அப்பா விழிப்பார். "போய்ப் பாடத்தைப் படிடா" என்பாள் அம்மா.

பையன் கேட்டதும் பாடம்தான்.

எச்சில் அல்ல

"உமிழ்நீர்" என்று பத்திரிகைகள் எழுதுவது தவறு. "வாந்தி" என்பதும் சரி அல்ல. அதன் பெயர் அம்பர்கிரீஸ். நம் நாட்டு வைத்தியர்கள் மீனம்பர் என்பார்கள்.

இது எல்லாத் திமிங்கலத்திடமும் கிடைக்காது. ஸ்பெர்ம் திமிங்கலம் என்ற இனத்திடம்தான் பெரும்பாலும் உண்டாகிறது. அதிலும் 100-ல் ஒன்று முதல் ஐந்துக்குள்தான் இருக்கும் என்கிறார்கள்.

இந்தத் திமிங்கலத்துக்குக் கணவாய் என்றால் உயிர். கணவாய்க்குக் கிளி மூக்குப் போல ஓர் அலகு உண்டு. அது செரிக்காது. பெரும்பாலான அலகுகளைத் திமிங்கலம் கக்கிவிடும். சில, குடலுக்குள் போய்க் குத்தும். அந்த இடத்தில் மெழுகு போன்ற பொருள் சுரந்து அலகுகளை மூடும். வருஷக்கணக்கில் அது கட்டியாக வளரும். மலத்தோடு அது வெளியேறலாம்; திமிங்கலம் இறந்த பிறகு வெளிவரலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

புதுக் கட்டி சாணம் போல நாறும். கடலில் மிதந்து, வெயிலிலும் உப்பிலும் ஊறிய பிறகு மணக்கும்! வாசனைத் திரவியத்தின் மணம் சீக்கிரம் போகாமல் பிடித்து வைக்கும். அதற்காகத்தான் இந்த விலை. இப்போது அதே வேலைக்குச் செயற்கைப் பொருளும் வந்துவிட்டது.

ஆசையும் கைவிலங்கும்

2023 மே மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் ஒரு காரை மடக்கினார்கள். உள்ளே 18 கிலோ அம்பர்கிரீஸ்! மதிப்பு 31 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவித்தார்கள்.

இந்தக் கோடிக் கணக்குதான் ஆளை மயக்குகிறது. அதைக் கொட்டை எழுத்தில் போடும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. உண்மையில் இந்தியாவில் இதற்கு விலையே இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருந்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம். கரையில் ஒதுங்கியதை எடுத்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. ஒரு கட்டி தானாக ஒதுங்கியதா, திமிங்கலத்தைக் கொன்று எடுத்ததா என்று யார் சொல்வது? அதனால்தான் ஒரேயடியாகத் தடை. சாதாரண மெழுகைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஏமாந்தவர் போலீசுக்கும் போக முடியாது!

2022 ஜூலையில் கேரளத்தில் விழிஞ்ஞம் மீனவர்களுக்குக் கடலில் 28 கிலோ கட்டி கிடைத்தது. அவர்கள் நேராகக் கடலோரக் காவல் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது என்ன பொருள், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள்!

தலையா, மலையா?

கட்டியின் கதை இருக்கட்டும். பிராணியின் கதை அதைவிட அதிசயம்.

உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. உள்ளே சுமார் 8 கிலோ மூளை. உலகில் வேறு எந்தப் பிராணிக்கும் இவ்வளவு பெரிய மூளை கிடையாது. தலையில் ஒரு வகை எண்ணெய் மெழுகு நிறைந்திருக்கிறது. விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் அதை எடுக்க, வெளிநாட்டார் லட்சக்கணக்கில் வேட்டையாடினார்கள். வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பதற்குச் சர்வதேசத் தடை வந்தது 1986-ல்தான்.

இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுப்பது. மூச்சை அடக்கி ஒரு மணி நேரம் கூட முங்கியிருக்கும். ஒரு கிலோ மீட்டருக்குக் கீழே போகும். அங்கே கும்மிருட்டு. "டக், டக்" என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கொண்டு இரை தேடும். தாய்களும் குட்டிகளும் கூட்டமாக வாழும். தாய் முங்கும்போது குட்டிக்கு மற்றவை துணை இருக்கும். தூங்குவதோ நட்ட தூண் போலச் செங்குத்தாக!

இவை எங்கோ தூர தேசத்தில் இல்லை. இலங்கையில் திரிகோணமலைக் கடலில் பார்க்கலாம்.

முகப்பேர்ப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம். அதற்கும் நேரம் இல்லையா? ஒரு சாக்குக்கட்டி போதும். பள்ளிக்கூட மைதானத்தில் 52 அடிக்கு ஒரு கோடு. நன்றாக வளர்ந்த ஆண் திமிங்கலத்தின் நீளம் அது; நான்கு கார்கள் வரிசையாக நிற்கும். 17 அடியில் ஓர் அடையாளம் வைத்தால், அதுவரை தலை. பிள்ளைகளை அந்தத் தலைக்குள் வந்து நிற்கச் சொன்னால், ஒரு வகுப்பே நிற்கும்!