மயிரிழையில் தப்பியது கணக்கில் வராதா?

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தாராவித் தொண்ணூறடிச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதல்ல. சந்து சந்தாகச் சைக்கிள்கள் வெளியே வரும். கேரியரில் இட்லி நிறைந்த அலுமினியப் பாத்திரம், இரு பக்கமும் சட்னித் தூக்கும் சாம்பார்த் தூக்கும், கைப்பிடியில் பூம் பூம் என்று ஒலிக்கும் ரப்பர் ஹாரன். ஆள் ஐம்பது கிலோ இருந்தால் சுமை நாற்பது கிலோ இருக்கும். அவர்களுக்குப் பின்னால் காவலாளிகள், ஓட்டல் தொழிலாளிகள், பெயின்ட் வேலைக்காரர்கள், தோல் பட்டறைக்குப் போகிறவர்கள். சீத்தா கேம்பிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் இதே நேரத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பும். ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்துகிறவர்கள் சிலர். அந்த வேளையில் ஸ்டேஷனுக்குப் போகவே பஸ் கிடைக்காதவர்கள் பலர். சைக்கிளே கடையாக இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், நாற்பது வருடமாக இட்லி விற்கும் ஒரு பெரியவரைச் சயான் அருகே பார்த்தோம். முழங்கையில் அழுக்குத் துணிக் கட்டு.

"என்ன அண்ணாச்சி, கையில?"

"ஒண்ணுமில்ல தம்பி. டாக்சிக்காரன் கதவைத் திறந்துட்டான். நல்லவேளை, இந்தப் பக்கமா விழுந்தேன்."

"அந்தப் பக்கமா விழுந்திருந்தா?"

"பின்னாடி பஸ்ஸு வந்துச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு, சாம்பார் முழுவதும் ரோட்டில் கொட்டிப்போனதைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார். அன்றைக்கு அறுநூறு ரூபாய் நட்டம். வீட்டில் கேட்டபோது வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம். உண்மையைச் சொன்னால் மறுநாள் அனுப்பமாட்டார்கள்; அனுப்பாவிட்டால் அடுப்பெரியாது.

"ஒன்றுமில்லை" என்ற இந்தச் சொல்லைப் பற்றித்தான் இத்திங்கள் எழுத விரும்புகிறோம்.

இதை எழுதும் நாமும் பல்லாண்டுகள் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவர்கள்தாம். நமக்கும் எத்தனையோ "ஒன்றுமில்லை"கள் உண்டு. குர்லா வழியில் இடது பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு டம்பர் லாரி நம்மை முந்திச் சென்று, முந்திய வேகத்திலேயே இடது பக்கம் திரும்பியது. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். தன் இடது முன்மூலையில் இருக்கும் சைக்கிள் அவன் கண்ணுக்கு எட்டாது. அதைவிட மோசமானது பின் சக்கரம். நீள வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்திலேயே போவதில்லை. உள்பக்கமாக ஒடுங்கி வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரத்துக்குத் தப்பிவிட்டோம் என்று நினைப்பவனைப் பின் சக்கரம் பிடிக்கும். அன்று நாம் நடைமேடைக் கல்லின் மீது சைக்கிளோடு சாய்ந்ததால் பிழைத்தோம். திரும்பும் லாரிக்கு இடப்பக்கம் நுழையக் கூடாது என்ற பாடத்தை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த லாரி சொல்லித் தந்தது. பிழைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு ஏறி மிதித்தோம், தாமதமாகிவிடுமே என்று.

தண்ணீர் டேங்கர், எதிர்த் திசையில் வரும் ஆட்டோ, மழை நீர் மூடிய பள்ளம், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகட்டில் வழுக்கும் டயர் என்று வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளலாம். சயான் ஸ்டேஷன் அருகிலிருந்த நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய பாலத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று இடித்துக் கட்டுவதற்காக மூடினார்கள். அதன் மேல் போன வண்டியெல்லாம் ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பாலத்திற்கும் தாராவிச் சாலைகளுக்கும் திரும்பின. பாலம் பழுதானால் கட்டத்தான் வேண்டும். அதில் குறை சொல்லவில்லை. ஆனால் லாரிக்கும் காருக்கும் மாற்றுப்பாதை வரைந்தவர்கள், அதே பாதையில் சைக்கிளில் போகிறவன் எங்கே ஒதுங்குவான் என்று ஒரு கோடாவது வரைந்தார்களா?

அரசின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகமே அறிக்கை தந்தது. அவர்களில் நடந்து போனவர்கள் முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேல். சைக்கிளில் போனவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். இது செத்தவன் கணக்கு. உரசிப் போனவன், தூக்கியெறியப்பட்டு எழுந்தவன், சாக்கடையில் இறங்கித் தப்பியவன் எந்த ஏட்டிலும் இல்லை. வானத்தில் இரண்டு விமானங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டால், ஒருவருக்கும் கீறல் விழாவிட்டாலும், அறிக்கை எழுத வேண்டும், விசாரணை நடக்கும். அடுத்த முறை நெருங்காதிருக்க அதுவே வழி என்று படித்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். விமானத்தில் போகிறவன் உயிருக்கு அந்த மரியாதை. அதே கதவு, அதே திருப்பம், அதே பள்ளம் என்று மாதம் பத்துப்பேரைத் தள்ளிவிடும் ஒரு முனையில், பதினோராவது ஆள் செத்த பிறகுதான் போலீஸ் சுண்ணாம்புக் கோடு போடும்.

பாட்டாளி ஏன் இப்படி உயிரைப் பணயம் வைத்து விரைகிறான்? அவனுக்கு அவசரமில்லை, முதலாளிக்கு அவசரம். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போகும் இடங்களில் நம்மவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! மூன்று நாள் தாமதமானால் ஒருநாள் சம்பளம் வெட்டு என்று நோட்டீஸ் ஒட்டிய பட்டறையை நாமே கண்டோம். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்குக் காசு. அவன் தவறான பக்கத்தில் போனால் போலீஸ் திட்டுகிறது. போகவைத்தவனை யார் திட்டுவது?

இங்கேதான் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் அது "உன் சொந்த விவகாரம்" என்று கைகழுவும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் 51-ஈ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும்போது நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்றது அது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பொருள்தான் என்று 2025 ஜூலை 29 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் மராட்டிய மாநிலத்திலேயே எழுந்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003 ஏப்ரலில், அதிகாலை மூன்று மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் மூன்று லட்சத்துச் சொச்சம் கொடுக்கச் சொன்னார். உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. உச்சநீதிமன்றம் மீண்டும் கொடுக்கச் சொன்னது. தகப்பன் செத்தபோது மடியில் இருந்த குழந்தைக்குக் கல்யாண வயது வருகிற காலம், இருபத்திரண்டு வருடம்! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நேர்ந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? வேலைக்குச் சேர்ந்த சீட்டு இல்லை. ஷிப்டு நேரம் எழுதிய தாள் இல்லை. கான்ட்ராக்டர் பெயர் 'சேட்' என்பதற்கு மேல் தெரியாது. தோழர்களே, கூலி வாங்கும் நாளில் கையெழுத்துப் போடும் தாளை ஒரு முறை போனில் படம் எடுத்து வையுங்கள். ஷிப்டு மாறினால் அதை முதலாளியின் வாயால் கேட்பதோடு நில்லாமல், ஒரு வரி மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்தம் செய்துவிட்டு எண் தராத ஆட்களும் இருக்கிறார்கள்.

சரி, முதலாளியே இல்லாத இட்லி அண்ணாச்சிக்கு என்ன வழி? அவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உன் வருமானம் என்ன என்று கேட்பார்கள். அரிசி உளுந்து வாங்கிய சீட்டும், போனில் வந்த பணத்தின் கணக்கும் அன்றைக்கு உதவும். எல்லாவற்றுக்கும் முதல் படி போலீசில் எழுதிக் கொடுப்பது. நம்மவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள். மோதியவன் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறான். சுற்றி நிற்பவர்கள் "வாங்கிக்கொண்டு போ" என்கிறார்கள். மொழியும் தயக்கமும் சேர்ந்து நாமும் வாங்கிக்கொள்கிறோம். தலையில் பட்ட அடி ராத்திரிதான் வாந்தியாக வரும். அப்போது லாரி எண்ணும் இல்லை, சாட்சியும் இல்லை. தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும், நம்மவர்கள் ஆறு மாதத்திற்குள் போட்டுவிடுவதே நல்லது.

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. இறந்தால் இரண்டு லட்சம், பலத்த காயம் என்றால் ஐம்பதாயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் தொகை உயர்த்தப்பட்டது. இது தெரியாததால் கேட்காமலே போனவர்கள் ஏராளம். வண்டி இன்னதென்று ஒரு மாதத்தில் தெரியாவிட்டால் போலீசே அக்குடும்பத்துக்கு இந்த உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்த வழக்கைப் போட்டவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன், நொறுங்கி வந்த உடல்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தோ என்னவோ, 2012-இல் நீதிமன்றம் போனார். விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை தரும் திட்டமும் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ரோட்டில் கிடப்பவரைத் தூக்கிப்போய்ச் சேர்த்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் வேண்டாம். உதவுகிறவரைச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது.

அடிபட்ட பின் வரும் பணத்தைப் பற்றியே பேசுகிறோமே, அடிபடாதிருக்க என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலை என்பது வண்டிகளை நகர்த்த அல்ல, மனிதர்களை நகர்த்த என்று 2006-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு நகரப் போக்குவரத்துக் கொள்கை வெளியிட்டது. படிக்க இனிமையாக இருக்கிறது. பாந்திரா–குர்லா வளாகத்தில் 2011-இல் சைக்கிள் பாதை போட்டார்கள். அதில் கார்களை நிறுத்தினார்கள். பின்னர் கார் ஓடும் தடத்திற்கே அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். கடல் மேல் கட்டிய பெரிய பாலங்களில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. (அங்கே இட்லி வாங்க யார் நிற்கப்போகிறார்கள் என்பது வேறு.) 2025 செப்டம்பரில் சைக்கிள் மீதான வரியைப் பன்னிரண்டு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். வண்டி மலிந்தது; அது ஓட இடம்?

நம் வீட்டுக் குறையையும் மறைக்க வேண்டாம். டாக்சியும் டேங்கரும் ஓட்டுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய நம் பிள்ளைகள் அறுபதடிச் சாலையில் பறக்கும் வேகம் நாம் அறியாததல்ல. அப்பன் போகும் சைக்கிளை மகன் வண்டி உரசிப்போகிறது. கதவைத் திறக்குமுன் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்க்கும்படி நம் சங்கத்து டாக்சித் தோழர்களை இந்த ஏட்டின் வழியாகவே கேட்டுக்கொள்கிறோம். நேரிலும் வந்து கேட்போம். இன்னொன்று: இதுவரை நம் ஏடும் இறந்தவர்களுக்கு இரங்கல் செய்தி போட்டதே தவிர, தப்பியவர்களிடம் எங்கே, எப்படி என்று கேட்டதில்லை. அது நம் தவறு.

ஆகவே சங்க அலுவலகத்தில் ஒரு நீண்ட நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். தப்பிய இடம், நேரம், எந்த வண்டி, எதனால் என்று நான்கு பத்திகள். பெயர் எழுத விரும்பாதவர்கள் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம். ஒரே முனையின் பெயர் ஐந்து முறை வந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் நகலோடு வார்டு அலுவலகத்துக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் மனு எழுதி மராத்தியில் கொடுப்போம். கொடுத்த மனுவும் வந்த பதிலும் இந்த ஏட்டில் வெளிவரும், பதில் வராவிட்டால் வரவில்லை என்பதும் வெளிவரும். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை அலுவலகம் திறந்திருக்கும். கணவர் "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்ன வீட்டுத் தாய்மார்களும் வரலாம். இட்லி அண்ணாச்சியின் டாக்சிக் கதவை முதல் வரியாக எழுதியாகிவிட்டது. குர்லா வழியில் நாம் சாய்ந்த நடைமேடைக் கல் இரண்டாவது வரி.