கைமாறும் ஆட்டக்காரர்கள்

நவம்பர் பிறந்தால் பேஸ்போல் மைதானங்களில் ஆள் அரவம் இல்லை. பந்தும் மட்டையும் பெட்டிக்குள் போய்விடும். வசந்தம் வரும்வரை ஆட்டமே கிடையாது. ஆனாலும் ரொறன்ரோவில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைகளிலும் கோப்பிக் கடைகளிலும் பேஸ்போலைப் பற்றி மிகச் சூடான வாக்குவாதம் நடப்பது இந்தக் குளிர் மாதங்களில்தான். அவரை ஏன் விட்டார்கள்? இவருக்கு ஏன் இத்தனை மில்லியன்? அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? இப்படியே பேச்சு வளரும்.

புதிதாக வந்திறங்கிய எமது குடும்பங்களுக்கு இது ஒரு புதிர். ஆட்டமே இல்லாத காலத்தில் அப்படி என்ன சண்டை? இம்முறை அதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

இந்தக் குளிர்காலப் பேச்சுக்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹொட் ஸ்டோவ்'. சூடான அடுப்பு என்று பொருள். அடுப்பைச் சுற்றியிருந்து குளிர்காய்ந்தபடி கதைப்பது என்ற நினைவில் வந்த பெயர். எங்கள் ஊர்ச் சந்திக் கடைகளிலும் வாசிகசாலை வாங்குகளிலும் நடந்தது இதுதானே!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் பழக்கத்தில் அணி என்பது பள்ளிக்கூடத்தோடும் ஊரோடும் கூடவே வருவது. யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் பெருஞ்சமரை நினைத்துப் பாருங்கள். மத்திய கல்லூரியின் நல்ல பந்து வீச்சாளர் ஒருவரைக் கொடுத்து, சென். ஜோன்ஸின் துடுப்பாட்டக்காரர் இருவரை வாங்குவதாக இரண்டு அதிபர்களும் தொலைபேசியில் பேசி முடித்தால் எப்படியிருக்கும்? அடுத்த நாள் ஊர் இரண்டுபடாதா?

இங்கே அதுதான் வழமை. பேஸ்போல் வீரர் முதலில் ஓர் அணியோடு ஒப்பந்தம் செய்கிறார். பெரிய லீக்கில் ஆறு ஆண்டுகள் ஆடி முடிக்கும்வரை அவர் மீதுள்ள உரிமை அணிக்கே. அந்தக் காலத்தில் அணி விரும்பினால் அவரைக் கொடுத்து வேறொருவரை வாங்கலாம். இதைத்தான் 'ட்ரேட்' என்கிறார்கள். ஆறு ஆண்டுகள் முடிந்து, கையில் ஒப்பந்தமும் இல்லாவிட்டால் அவர் சுயாதீன வீரர். விரும்பிய அணியோடு விலை பேசலாம். யாரைக் கொடுப்பது, யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பார்ப்பவர் பொது முகாமையாளர். குளிர்காலம் முழுவதும் பழியும் புகழும் அவர் தலையில்தான்.

ரொறன்ரோவில் இன்றும் மறக்காத ஒரு ட்ரேட்டைச் சொல்வோம். 1990 டிசம்பர் 5. புளூ ஜேய்ஸின் பொது முகாமையாளர் பற் கிலிக் அதற்கு முன் வீரர்களை அவ்வளவாக மாற்றாதவர். அசையாமல் இருக்கிறார் என்று கேலிப் பெயர்கூட வைத்திருந்தார்கள். அவர் அன்று சன் டியேகோ அணிக்கு பிரெட் மக்கிரிப், ரோனி பெர்னாண்டஸ் ஆகிய இருவரையும் கொடுத்தார். பதிலுக்கு ஜோ கார்ட்டரையும் ரொபேர்ட்டோ அலோமாரையும் வாங்கினார். மக்கிரிப் 1989இல் 36 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றவர். பெர்னாண்டஸ் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து, ரொறன்ரோவில் வளர்ந்து, சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை நான்கு முறை வாங்கியவர். இருவரும் இந்த நகரத்தின் செல்லப்பிள்ளைகள். இரசிகர்கள் திகைத்துப் போனார்கள்.

பிறகு நடந்தது பழைய இரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1992இல் புளூ ஜேய்ஸ் வேர்ல்ட் சீரிஸை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள அணியொன்று வென்றது அதுவே முதல் தடவை. 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி, ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன் இரண்டாவது வெற்றியையும் கொண்டுவந்தது. அப்போது ஸ்கைடோம் என்றும் 2005 முதல் றொஜர்ஸ் சென்ரர் என்றும் அழைக்கப்படும் அரங்குக்கு 1991, 1992, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1990 டிசம்பரில் திகைத்த அதே வாய்கள்தான் பிறகு கிலிக்கை மெச்சின.

அப்படியானால் முகாமையாளர் செய்வதெல்லாம் சரியா? அதுவுமில்லை. 2012 நவம்பரில் புளூ ஜேய்ஸ் மயாமி அணியிடமிருந்து பெயர்பெற்ற வீரர்கள் பலரை ஒரே மூச்சில் வாங்கியது. அடுத்த மாதம் அந்த ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளர் விருதுபெற்ற டிக்கியையும், கையில் வளர்த்த இளம் வீரர்களைக் கொடுத்து வாங்கியது. அந்தக் குளிர்காலம் ரொறன்ரோவில் ஒரே கொண்டாட்டம். கோப்பை வந்துவிட்டதென்றே பலர் பேசினார்கள். 2013 கோடையில் அணி 74 ஆட்டங்களில் வென்று, 88இல் தோற்று, தன் பிரிவில் கடைசி இடத்தைப் பிடித்தது.

இந்த இரண்டு கதைகளையும் நாம் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் மாதத்தில் விழும் கண்ணீருக்கும் கைதட்டலுக்கும் அவ்வளவு பெறுமதி இல்லை. ஆற அமர இரண்டு கோடை கழிந்தபின்தான் கணக்கு முடியும். கொடுக்கப்பட்டவர் கெட்டுப்போனார் என்பதும் இல்லை. மக்கிரிப் 1995இல் அட்லாண்டா அணியோடு வேர்ல்ட் சீரிஸை வென்றார். 2023இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார்.

சரி, கணக்கு இப்படி. மனிதர் எப்படி?

ட்ரேட் என்று நாம் இலகுவாகச் சொல்வது, அந்த வீரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. வீடு, மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அயலட்டை எல்லாவற்றையும் விட்டு வேறு நகரத்துக்குப் போ என்ற கட்டளை. இன்று கோடி கோடியாகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றாலும் அழைப்பு அதேதான். பத்து ஆண்டுகள் பெரிய லீக்கில் ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டுகளும் ஒரே அணியில் இருந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்குவோரும் உண்டு. மற்றவர்கள் பெட்டி கட்டத்தான் வேண்டும்.

இந்தச் சிறிய உரிமைகளும் சும்மா வந்தவை அல்ல. முன்பு ஆறு ஆண்டு என்ற எல்லையே இருக்கவில்லை. ஒரு தடவை கையெழுத்து வைத்தால் அணி விரும்பும்வரை அவர் அந்த அணிக்கே சொந்தம். 1969 ஒக்டோபரில் சென். லூயிஸ் அணி, தன்னிடம் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கேர்ட் பிளட் என்ற கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 90,000 டொலர். அந்தக் காலத்தில் பெரிய தொகை. அவர் போக மறுத்தார். 1969 டிசம்பர் 24ஆம் திகதி பேஸ்போல் ஆணையாளருக்குக் கடிதம் எழுதினார். தன்னைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருளல்ல என்பதே அதன் சாரம்.

1970 முழுவதும் அவர் ஆடவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972இல் ஐந்துக்கு மூன்று என்ற வாக்குகளால் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்டவாழ்வும் முடிந்துவிட்டது. ஆனால் வீரர்களின் தொழிற்சங்கம் விடவில்லை. 1975 டிசம்பர் 23ஆம் திகதி பீற்றர் சைற்ஸ் என்ற நடுத்தீர்ப்பாளர், வேறு இரு வீரர்களின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பளித்தார். இன்று சுயாதீன வீரர்கள் கேட்டு வாங்கும் மில்லியன்களுக்கெல்லாம் கதவைத் திறந்தது அந்தத் தீர்ப்பு. கதவை முதலில் தட்டியவருக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. பிளட் 1997இல் காலமானார்.

கேளாமலே இடம்பெயர்க்கப்படுவது என்னவென்று எம்மவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பணக்கார விளையாட்டு வீரரின் இடமாற்றத்தையும், ஓர் உரப்பையோடு இரவோடிரவாக ஊரைவிட்டு வந்தவரின் இடப்பெயர்வையும் ஒரே தராசில் வைப்பது தவறு. அப்படிச் செய்ய நாம் வரவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் எங்கே வாழ்வது என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இரண்டிலும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத் தன் பிழைப்பையே இழந்த ஒருவர் இந்த விளையாட்டில் இருந்தார் என்பதை எமது பிள்ளைகள் அறியவேண்டும்.

வீரருக்குத் தெரிவு கிடைத்தபின் இரசிகர்கள் ஏங்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ரொறன்ரோ நல்ல உதாரணம். 2023 டிசம்பரில் யப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானி இங்கு வருகிறார் என்ற வதந்தி பரவ, கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட தனியார் விமானம் ஒன்றை நகரமே பின்தொடர்ந்தது. இறங்கியவர் வேறொருவர்! அடுத்த நாளே ஒட்டானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸோடு பத்து ஆண்டுகளுக்கு 700 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தை அறிவித்தார். அதற்கடுத்த குளிர்காலம் முழுவதும் மொன்றியலில் பிறந்த விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இருப்பாரா போவாரா என்று ஒரே பதைப்பு. 2025 ஏப்ரலில் அவர் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலருக்கு ரொறன்ரோவிலேயே நிற்கச் சம்மதித்தார். அதே ஆண்டில் அணி 1993க்குப் பின் முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. நவம்பர் 1ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தில், பதினொராவது இன்னிங்ஸில், 5க்கு 4 என்று தோற்றது. தோற்கடித்தது ஒட்டானியின் டொட்ஜர்ஸ்!

இனி, வேலைத்தலத்தில் இந்தப் பேச்சு எழும்போது ஒதுங்கியிருக்க வேண்டாம் என்று புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆட்டத்தின் விதிகள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு சொற்கள் போதும். ட்ரேட் என்றால் மாற்றம். ஃப்ரீ ஏஜென்ட் என்றால் சுயாதீன வீரர். ஜீ.எம். என்றால் பொது முகாமையாளர். ப்ரொஸ்பெக்ட் என்றால் வளர்ந்துவரும் இளம் வீரர். "அவரை விட்டது சரியென்று நினைக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன பக்கத்து மெஷின்காரர் சாப்பாட்டு நேரம் முடியும்வரை நிறுத்தமாட்டார். ஆங்கிலம் பழக இதைவிட மலிவான வகுப்பு கிடையாது. வீட்டில் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் ஆசிரியராகவும் நீங்கள் மாணவராகவும் இருக்கும் நேரம் இரு தரப்புக்கும் நல்லது.

இன்னும் ஒன்று. ட்ரேட் செய்தி வந்தால் பெரிய பெயரோடு நிறுத்தாதீர்கள். 2014 நவம்பரில் ரொறன்ரோ ஜோஷ் டொனால்ட்சனை வாங்கியது. அவர் அடுத்த ஆண்டே அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். எல்லோரும் நினைவு வைத்திருப்பது அவரைத்தான். அவருக்காகக் கொடுக்கப்பட்ட நால்வரில் ஒருவர் வெனிசுவேலாவைச் சேர்ந்த, 18 வயதே நிரம்பிய பிராங்ளின் பரேட்டோ. சொந்த நாட்டைவிட்டு வந்து ஓர் இடத்தில் கால் ஊன்றும் முன்பே அடுத்த இடத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை.

ரோனி பெர்னாண்டஸுக்கு மட்டும் காலம் கொஞ்சம் கருணை காட்டியது. 1990இல் கொடுக்கப்பட்ட அவரை 1993 ஜூனில் ரொறன்ரோ திரும்ப வாங்கியது. கார்ட்டர் கடைசி அடியை அடித்த அந்தத் தொடரில் பெர்னாண்டஸும் புளூ ஜேய்ஸ் சட்டையோடு களத்தில் நின்றார்.