வெந்த தோலுக்கு விலைப் பட்டியலா?

கடலூர் ஜில்லாவின் தொழிலாளி தீயின் வாயில் நின்று வேலை செய்கிறான். 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்து ஏழைப் பெண்கள் மாண்டனர். 2021 மே 13ல் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் விபத்து, அங்கும் உயிர்ப்பலி. செத்தவர்களுக்கு அனுதாபம் தெரிவித்தார்கள். வெந்த உடலோடு பிழைப்பவர்களின் கதி என்ன?

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக வளராது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மீது ஒட்ட வேண்டும். எடுத்த இடமும் புதுப் புண்ணாகும். பெரிய காயத்துக்கு ஒரு ஆபரேஷன் போதாது. பிறகு கட்டு, தழும்பு தடிக்காமலிருக்க அழுத்த உடை, மூட்டு மடங்க மாதக் கணக்கில் பயிற்சி. இவையெல்லாம் முடிந்தால்தான் அந்தக் கை மறுபடியும் சம்மட்டி பிடிக்கும்.

இந்த வேதனையை இன்ஷூரன்ஸ் கணக்கு எப்படி அளக்கிறது? மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திற்கு 2019ல் தயாரான பட்டியல், தீக்காயத்தை உடற்பரப்பின் சதவீதப்படி பிரித்தது. 40 வரை ஒரு படி. 40 முதல் 60 வரை ஒரு படி. அதற்கு மேல் ஒரு படி. படிக்கு ஒரு குறியீடு, ஒரு தொகை. தோல் ஒட்டுவதும் கட்டுப் போடுவதும் அதற்குள்ளேயே அடக்கம். ஒரு கை 9 சதவீதம், ஒரு கால் 18 சதவீதம் என்பது டாக்டர்களின் கணக்கு. அப்படியானால் ஒரு கை வெந்தவனும், இரு கால்களும் வெந்தவனும் ஒரே படி! லாபத்துக்கு நடக்கும் ஆஸ்பத்திரிக்கு எவன் சீக்கிரம் வெளியேறுகிறானோ அவனே நல்ல நோயாளி.

அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே தோல் ஒட்டுவதற்கு முதல் 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு குறியீடு, அடுத்த ஒவ்வொரு 100க்கும் இன்னொன்று. துணிக்கடையில் கிழித்துக் கொடுப்பதைப்போல் அளந்து பில் போடுகிறார்கள். மொத்தக் குத்தகையானாலும் சில்லறை வியாபாரமானாலும் வியாபாரம் வியாபாரமே. புண் ஆறும்வரை சிகிச்சை என்பதே மனித நியாயம்.

இன்னொரு கேள்வி: யார் பணம் கொடுப்பது? வேலையில் காயமடைந்தவரின் உண்மையான மருத்துவச் செலவை முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்று, 1923ம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் 2009ல் செய்த திருத்தம் சொன்னது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரே பதிவேட்டில் இல்லாதபோது என்ன நடக்கும்? அவன் முதலமைச்சர் இன்ஷூரன்ஸ் அட்டையோடு வரிசையில் நிற்பான். பாதுகாப்பில் மிச்சம் பிடித்த பணம் முதலாளிக்கு. சிகிச்சைச் செலவு மக்கள் வரிப் பணத்துக்கு!

எனவே நாம் கோருகிறோம்: தீக்காயத்திற்கு ஆபரேஷன் வாரியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அழுத்த உடையும் பயிற்சியும் அதில் சேர வேண்டும். எந்தக் குறியீடு, எவ்வளவு தொகை என்பதைத் தமிழில் எழுதி நோயாளியிடம் கொடுக்க வேண்டும். ஆலை விபத்தின் செலவை ஆலை முதலாளியிடமே சர்க்கார் வசூலிக்க வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் தீக்காயப் பிரிவுகள் இரவும் பகலும் முழு வசதியுடன் இயங்க வேண்டும். வெந்தவனை ஏற்றிக்கொண்டு ஜிப்மருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் ஓடும் நிலை ஒழிய வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. 1985ல் தோன்றிய சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணக் கொள்ளையை எதிர்த்து மாணவர்கள் வாரக் கணக்கில் போராடினார்கள். 2021 ஜனவரியில் அதை சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவர சர்க்கார் உத்தரவிட்டது. மாணவர்கள் காட்டிய பாதையில் தொழிற்சங்கங்களும் விவசாயிகளும் மாதர்களும் ஒன்றுபட்டு நிற்கட்டும். தொழிலாளியின் தோல் சரக்கல்ல!