கருவை அறுக்க எந்த மெஷின்: பழசா, புதுசா?

கப்பலூர், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் தரிசில் சீமைக்கருவையை எடுத்துவிட்டு நிலத்தைத் திருத்தும் உழவர்கள் நாலு பேர் கூடினால், இப்போதெல்லாம் ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடுகிறது. (மதுரைக்காரர்களுக்குப் பட்டிமன்றம் சொல்லியா தரணும்?) "பழைய மெஷின் இருபது வருசம் ஓடும்ணே, இப்ப வர்றது பூராம் பிளாஸ்டிக்கு" என்று ஒரு கட்சி. "பேட்டரி மெஷின் வாங்குங்க, புகையில்ல, சத்தமில்ல, இயற்கை விவசாயிக்கு அதான் பொருத்தம்" என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் ஒருத்தரை மறந்துவிடுகிறது. மெஷினைப் பிடித்து அறுக்கிறவரை. பெரும்பாலும் அவர் நிலத்துக்காரர் இல்லை, கூலிக்கு வந்தவர். அவர் பக்கம் நின்றுதான் இதைப் பேசணும்.

பழைய கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய பெட்ரோல் மெஷினில் கார்புரேட்டரை ஸ்குரூ டிரைவராலேயே சரிபண்ணிவிடலாம். டூவீலர் பட்டறையிலேயே பாதி ரிப்பேர் முடிந்துவிடும். புதுசில் சில மாடல்களைக் கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் கோளாறே தெரியும். அதற்காகச் சர்வீஸ் சென்டருக்கு அலைகிற நாளில் வேலை நின்றுபோகும், கூலியும் போகும். போகிற வழியில் டோல்கேட் வேறு!

ஆனால் ஒரு விசயத்தில் பழசுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். பிளேடின் மூக்கு, அதிலும் மேல்பக்கம், கட்டையில் இடித்தால் மெஷின் கண்ணிமைக்கிற நேரத்தில் அறுக்கிறவர் முகத்தைப் பார்த்துத் துள்ளும். கருவை ஒத்தைத் தண்டாகவா வளருது? தூரிலிருந்தே அஞ்சாறு கிளை பின்னிக்கொண்டு வரும். ஒன்றை அறுக்கும்போது மூக்கு அடுத்ததில் முட்டுவது சர்வசாதாரணம். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்பு அசைந்தவுடன் செயினை நிறுத்துவதற்குத்தான் பிரேக் இருக்கிறது. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற பெரிய கம்பெனி மெஷின்களிலேயே 1970களின் தொடக்கத்தில்தான் அது வந்தது. அதற்கு முந்தைய மெஷினோ, பிரேக் கழன்றுபோன பழசோ, எவ்வளவு உழைத்தாலும் அதை ஒரு மனுசன் கையில் கொடுக்கக் கூடாது.

அதிர்வும் அப்படித்தான். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரோ ஸ்பிரிங்கோ செத்துப்போன மெஷினை வருசக்கணக்கில் பிடித்தால் விரல் மரத்துப்போகும், குளிர்நாளில் வெளுத்துப்போகும். அந்தக் கையால் பால் கறக்கக்கூட முடியாது. புகையைச் சொல்லவே வேண்டாம். பழைய டூஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றுகிற பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலே வெளியேறும். தூரில் குனிந்து நிற்கிறவர்தான் அதைச் சுவாசிக்கிறார்.

அதுக்காகப் புதுசெல்லாம் யோக்கியம் என்று சொல்லவில்லை. சல்லிசாகக் கிடைக்கிறது என்று ஆன்லைனில் பேர் தெரியாத மெஷினை வாங்கி, அதன் பிரேக் பிடிக்குதா என்றுகூடப் பார்க்காமல் வேலைக்கு இறக்குகிறோம். பேட்டரி மெஷின் முருங்கை, கொய்யா, மா கவாத்துக்கு நல்ல சாமான். ஆனால் நாள் பூராவும் கருவைத் தூரில் போட்டால் பேட்டரி எத்தனை தடவை தீரும், சார்ஜ் போட வீட்டுக்கும் காட்டுக்கும் யார் நடப்பது?

இந்தச் சண்டையில் யாரும் பேசாத சாமான் செயின். இன்றைக்குப் பழசு, புதுசு எல்லாவற்றிலும் ஓடுகிற செயினுக்கு ஒரு புழுதான் வாத்தியார். 1946-ல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், கட்டைக்குள் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாக மாறிமாறிக் கொறித்து முன்னேறுவதைப் பார்த்தார். அதே மாதிரி செயினின் பல்லை இரண்டு பக்கமும் மாற்றி வைத்தார். பூச்சியிடம் பாடம் படிக்கிற நமக்கு இது பிடிக்கும். அந்தப் பல்லைத் தீட்ட மாட்டேன் என்கிறோமே, அதுதான் பிடிக்கவில்லை. கூர் இருந்தால் சீவலாக விழும், மழுங்கினால் மாவாக விழும். மாவு விழ ஆரம்பித்தபிறகும் அழுத்தி அறுக்கச் சொல்வது ஆளையும் மெஷினையும் சேர்த்துக் கொல்கிற வேலை. கண்மாய்க் கருவையில் பட்டையெல்லாம் மண் அப்பியிருக்கும், சீக்கிரம் மழுங்கும். செயினுக்கேற்ற உருட்டு அரம் ஒன்று எப்போதும் கூடவே இருக்கணும்.

அடுத்தது எண்ணெய். செயினுக்கு ஊற்றுகிற எண்ணெய் திரும்ப வருவதில்லை, கடைசிச் சொட்டு வரை நிலத்தில்தான் விழும். நம்ம ஆட்கள் பலர் ஊற்றுவதோ வண்டியில் இறக்கிய கழிவு ஆயில். மண்புழு உரம் போடப்போகிற மண்ணில் இதை எப்படி மனசு வந்து தெளிக்கிறோம்? ஆஸ்திரியா நாட்டில் 1990களிலேயே செயினுக்குப் பெட்ரோலிய எண்ணெய் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் கடுகு இனத்து எண்ணெயை ஊற்றுகிறார்கள். பல நாள் சும்மா வைத்தால் பிசினாக ஒட்டும். வேலை முடிந்ததும் துடைத்து வைக்கணும், அவ்வளவுதான்.

எந்த மெஷினில் அறுத்தாலும் தரைக்கு மேலே அறுத்த கருவை தழைத்து வரும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக வெட்டினோமே, தூரைத் தோண்டாமல் விட்ட இடத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். மெஷினுக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சம் கடப்பாரைக்கும் ஒதுக்குங்கள்.

தனித்தனியாக ஆளுக்கொரு சல்லிசு மெஷின் வாங்குவதைவிட, ஊர் உழவர் குழு சேர்ந்து பிரேக் உள்ள நடுத்தரப் பெட்ரோல் மெஷின் ஒன்று வாங்கலாம். பழசாகவே இருக்கட்டும், பிரேக்கும் ரப்பரும் சரியாக இருந்தால் போதும். அதோடு முகமறைப்பு வைத்த ஹெல்மெட், காதடைப்பு, ஒரு அரம். வாடகை நோட்டில் செயின் தீட்டுகிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி எழுதுங்கள்.